நாவும் பாவும்: செய்யுள் நாடகம் நடிப்போர்க்குக் குரற்பயிற்சி

(வாலிகண்டபுரத்தில் நடிப்புப் பயிலும் இளைஞரிடையே நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சிராப்பள்ளியினின்று சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த வாலிகண்டபுரம், தன் பெயரிலேயே ஒரு நாடகத்தைச் சுமந்து நிற்கும் ஊராகும். வாலி இங்கு இறைவனை வழிபட்டான் என்பது வழிவழி வழங்கும் ஊர்க்கதை. கோயிலும் வாலீசுவரர் கோயில் என்றே பெயர் பெற்றுள்ளது. ஆர்க்காட்டுப் பட்டத்திற்குப் போட்டியிட்டவர்க்குத் துணைநின்று, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1751-இல் மோதிக்கொண்ட களமும் இவ்வூரே. அதற்குப் பல தலைமுறைகட்கு முன்னரே அருணகிரியார் தம் திருப்புகழில் இவ்வூரைப் பாடியிருக்கின்றார். அன்று முழங்கிய பீரங்கிகள் ஓய்ந்து போயின. அருணகிரியாரின் வண்ணப்பா இன்றும் ஒலிக்கின்றது. படைக்கலத்தினும் பாட்டு நெடிது வாழும். ஆனால், அதனை ஒலிக்க ஒரு நா வேண்டும். அந் நாவுக்குப் பின்னே ஒரு மூச்சு வேண்டும். அந் நாவும் மூச்சும் பற்றியதே இப் பொழிவு.

மூன்று பிணிகள்

கம்பனின் வாலி அம்புபட்டு வீழ்ந்தபின் பேசும் பேச்சு, தமிழ் இலக்கியத்தின் தலைசிறந்த நாடகப் பகுதிகளுள் ஒன்று. அதனை இன்று ஒரு மேடையில் ஓர் இளைஞன் நடிக்க முற்பட்டால் என்ன நேர்கின்றது? மூன்றில் ஒன்று நேர்கின்றது. ஒன்று, அவன் கத்துகின்றான். வீரம் என்பது உரத்த குரல் என்று எண்ணித் தொண்டையை இறுக்கிக் கூவுகின்றான். மூன்றாம் பாட்டிலேயே குரல் கம்முகின்றது. இரண்டு, அவன் ஒப்பிக்கின்றான். ஒவ்வோர் அடியையும் ஒரே ஏற்றத்தில் தொடங்கி ஒரே இறக்கத்தில் முடிக்கின்றான், பள்ளிச் சிறுவன் வாய்பாடு சொல்வது போன்ற ஓசைதான் அவையை எட்டுகின்றது, பொருள் எட்டுவதில்லை. மூன்று, அவன் விழுங்குகின்றான். இயல்பாகப் பேசுவதே நடிப்பு என்று கருதிச் செய்யுளை உரைநடைபோல் உதிர்க்கின்றான். எதுகையும் மோனையும் ஒற்றும் ஒலியின்றி மறைகின்றன.

கத்தல், ஒப்பித்தல், விழுங்கல் என்னும் இம் மூன்று பிணிகட்கும் மருந்து எங்கேயோ இல்லை, தமிழிலக்கணத்திற்குள்ளேயே இருக்கின்றது. தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்தபின் மறக்கப்படும் இலக்கணம், உண்மையில் நடிகனுக்கு எழுதப்பட்ட கைந்நூல் போன்றது. அதனைத் தாளிலிருந்து எடுத்து நாவில் ஏற்றுவதே குரற்பயிற்சி.

மூச்சே முதல்

எழுத்துகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைக்கின்றார். அவர் தொடங்கும் இடத்தை நோக்குக. நாவிலோ தொண்டையிலோ அவர் தொடங்கவில்லை. உந்தியிலிருந்து எழும் காற்றில் தொடங்குகின்றார். அக் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூன்றிடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் ஐந்து உறுப்புகளோடு உற்று, வேறுவேறு எழுத்தொலிகளாக வெளிப்படுகின்றது என்பது அவர் கண்ட முறை. மூன்றும் ஐந்தும் எட்டு. இவ்வெட்டே நடிகனின் இசைக்கருவி.

இன்றைய உடலியல் இதனை விரித்துச் சொல்கின்றது. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையே குவிந்த தசைத்திரை ஒன்று உள்ளது. மூச்சை இழுக்கும்போது அது கீழிறங்குகின்றது, வயிறு முன்தள்ளுகின்றது, விலாவெலும்புகள் விரிகின்றன. வாளா இருக்கும்போது ஒருவன் ஒருமுறை இழுப்பது ஏறத்தாழ அரை இலிட்டர்க் காற்றே. முழுதும் இழுத்து முழுதும் விட்டால், வளர்ந்தார்க்கு மூன்று முதல் ஐந்து இலிட்டர் வரை இயங்கும். நான்கடிப் பாடலை அரை இலிட்டர் மூச்சில் சொல்ல முயல்பவன் இரண்டாம் அடியிலேயே திணறுவான். திணறியவன் தொண்டையை இறுக்குவான். இறுகிய தொண்டையில் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி வீங்கும். ஆகவே கத்தல் என்னும் பிணி தொண்டையில் தோன்றுவதன்று. மூச்சுக் குறைவில் தோன்றித் தொண்டையில் வெளிப்படுவது.

தோள்களை உயர்த்தி இழுக்கும் மூச்சு மேல்மூச்சு. அது விரைவில் தீரும். தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் கையை வைத்து, கை உயர்ந்து தாழுமாறு இழுத்து விடுவதே முதற்பாடம். அப்போது தோள் அசைய இடமில்லை. படுத்துப் பழகியதை நின்று பழகுக. நின்று பழகியதை நடந்து பழகுக. விடும் மூச்சைச் சீராக விடக் கற்பதே இதில் அரியது. இழுப்பது எவர்க்கும் எளிது. அளந்து விடுவதே கலை.

கழுத்தளவு நீரில் நின்று வைகறையில் குரலெடுத்துப் பாடும் பழக்கம் பழைய கூத்தரிடையேயும் இசைவாணரிடையேயும் இருந்ததாகச் சொல்வர். அதனை வெறும் நம்பிக்கை என்று தள்ளவேண்டுவதில்லை. நீர் நெஞ்சைச் சூழ்ந்து அழுத்துகையில், மூச்சை இழுக்கும் தசைகள் மிகுதியாக உழைக்க வேண்டியுள்ளன. இன்றைய குரல் மருத்துவரோ, ஒரு குவளை நீரில் சிறு குழலை இட்டு, அதன்வழியே ஊதிக்கொண்டே ஒலியெழுப்பச் சொல்கின்றனர். குழலின் எதிரழுத்தம் குரல்நாண்கள் மென்மையாக அதிர உதவுகின்றது. களைத்த குரலைத் தேற்றவும், மேடையேறுமுன் குரலை வெதுப்பவும் இஃது எளிய வழி.

மாத்திரையும் ஒலிப்பிடமும்

மூச்சை எதனால் அளப்பது? கடிகாரத்தாலன்று, மாத்திரையால். கண்ணிமைத்தலும் கைந்நொடித்தலுமே மாத்திரையின் அளவு என்பது தொல்காப்பியம். குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை, குற்றியலுகரம் அரை. நொடித்தல் என்னும் அச் சிறு செயலையும் நினைத்தல், ஊன்றல், முறுக்கல், விடுத்தல் என நான்கு காற்கூறுகளாகப் பின்னையோர் பகுத்துக் காட்டினர். நடிகன் இதனை ஊன்றிப் பார்க்கவேண்டும். விரல் ஒலிக்குமுன்பே நினைப்பும் ஊன்றலும் முறுக்கலும் நிகழ்ந்துவிடுகின்றன. சொல்லும் அவ்வாறே. வாய் திறக்குமுன்பே எண்ணம் எழுந்து, மூச்சு நிரம்பி, உறுப்பு ஊன்றியிருத்தல் வேண்டும். எண்ணுமுன் ஒலிப்பவன் ஒப்பிப்பவன்.

மெய்க்கு அரை மாத்திரை என்பதை இன்றைய நாக்கு மறந்துவருகின்றது. வல்லொற்று இரட்டிக்கும் இடத்தில் மூச்சு ஒரு கணம் அடைபட்டுத் திறக்கவேண்டும். அவ்வடைப்பைக் கைவிட்டால் ‘பட்டு’ என்பது ‘படு’ ஆகும். ‘பத்து’ என்பது ‘பது’ ஆகும். உயிர் ஒலியைச் சுமக்கின்றது. மெய் பொருளைச் சுமக்கின்றது. உயிரை மட்டும் நீட்டிக் கூவுபவனின் குரல் கடைசி வரிசைக்குச் செல்லும்; ஆனால் அவன் சொன்னது என்ன என்று கடைசி வரிசையார்க்கு விளங்காது.

குற்றியலுகரத்தில் இருவகைப் பிழை நேரும். ‘காற்று’, ‘நெஞ்சு’ போன்ற சொற்களின் ஈற்று உகரத்தை இதழ்குவித்து முழு மாத்திரையாக நீட்டுவது ஒரு பிழை. அறவே விழுங்கிவிடுவது மற்றொரு பிழை. இதழ் குவியாமல் அரை அளவாய் ஒலித்து விடுவதே செவ்வி.

இனி ஒலிப்பிடம். நாவின் நுனி வளைந்து மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பது ழகரம் என்றும், நாவிளிம்பு தடித்துப் பல்லின் அடியை ஒற்றப் பிறப்பது லகரம் என்றும், அதே விளிம்பு அண்ணத்தை வருடப் பிறப்பது ளகரம் என்றும் தொல்காப்பியர் பிரித்துக் காட்டினார். ஒற்றுதல் வேறு, வருடுதல் வேறு. ஒற்றுதல் தொட்டு நிற்பது. வருடுதல் தடவிச் செல்வது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை சான்ற இக் குறிப்பினும் தெளிவான குறிப்பை ஓர் ஆசான் மாணவனுக்குச் சொல்ல இயலுமோ? ‘வாலி’, ‘வாளி’, ‘வாழி’ என்னும் மூன்று சொற்களையும் எடுத்துக்கொள்க. கம்பனின் வாலிவதைப் பகுதியில் இம் மூன்றும் அருகருகே வரத்தக்கவை. வாலியின் மார்பில் வாளி பாய்கின்றது; வாளி என்றால் அம்பு. மூன்றையும் ஒன்றாக ஒலிப்பவன் வாயில் வீரனும் அம்பும் வாழ்த்தும் ஒன்றாகிவிடும். இது வெறும் பலுக்கற்பிழை அன்று. கதையே கெடும் பிழை.

சீரும் சொல்லும்

செய்யுளைச் சீர்சீராக எழுதுவது யாப்பின் வசதிக்கு. பேசுவது பொருளின் வசதிக்கு. இரண்டும் எப்போதும் ஒன்றுபடா. சீரின் அளவு கருதி ஒரு சொல்லே இரண்டு சீர்களில் பிளவுண்டு நிற்பதும் உண்டு. அதனை வகையுளி என்பர். அச்சிட்ட தாளைப் பார்த்துச் சீர்தோறும் நிறுத்திப் பேசும் நடிகன், அவ்விடங்களில் சொல்லை வெட்டிக் கொல்கின்றான். எனவே முதலில் புணர்ச்சி பிரித்து, சொல் பிரித்து, பொருள் உணர்ந்து, தன் சொந்தப் பேச்சில் அக் கருத்தைச் சொல்லிப் பார்த்துவிட்டு, அதன்பின் மீண்டும் யாப்புக்குத் திரும்பவேண்டும். இவ்வழி நெடியது, ஆனால் இதற்குக் குறுக்குவழி இல்லை.

தமிழ்த் தொடரின் அமைப்பு நடிகனுக்கு மற்றொரு கடமையை விதிக்கின்றது. தமிழில் வினைமுற்றுப் பெரும்பாலும் தொடரின் இறுதியில் நிற்கும். அதற்கு முன்னே எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோவைப்பட்டு வரும். சிலப்பதிகார வழக்குரை காதையில் பாண்டியன், நீ யார் என்று வினவுகின்றான். கண்ணகி உடனே தன் பெயரைச் சொல்லிவிடவில்லை. புறாவின் துயர் தீர்த்த சோழனையும், கன்றிழந்த ஆவின்பொருட்டுத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனையும் முன்னிறுத்தி, அவர்தம் புகாரே என் ஊர் என்கின்றாள். பிறகு கணவனின் குடியும் பெயரும் கூறி, அவன் இங்கே வந்து கொலையுண்டதைக் கூறி, இறுதியிலேதான் கண்ணகி என்னும் தன் பெயரை வைக்கின்றாள். பல அடிகள் ஓடி வரும் அந்நெடுந்தொடரில், ஒவ்வோர் அடியின் ஈற்றிலும் குரலைத் தாழ்த்துபவள் கண்ணகி ஆகாள். குரல் தாழ்ந்தால் தொடர் முடிந்தது என்று அவை எண்ணிக்கொள்ளும். முடிவுச்சொல் வரும்வரை குரல் நிமிர்ந்தே நிற்கவேண்டும். அம்பு இலக்கில் தைக்கும்வரை நாண் தளர்வதில்லை, அதுபோல்வது.

இடையே மூச்சு வேண்டுமாயின், எச்சம் முடியும் இடத்தில் குரல் இறக்காமல் மூச்செடுத்துக்கொள்க. மூச்செடுக்கும் இடங்களை முன்கூட்டியே பாடலில் குறித்துக்கொள்க. மூச்சு தீர்ந்த இடத்தில் நிற்பவன் தொடக்க நடிகன். பொருள் நிற்கும் இடத்தில் மூச்செடுப்பவன் தேர்ந்த நடிகன்.

பாவகைக்கேற்ப ஓசையும் மாறும். வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியத்துக்கு அகவல், கலிக்குத் துள்ளல், வஞ்சிக்குத் தூங்கல். செப்பல் என்பது இருவர் உரையாடுவது போன்றது. அகவல் என்பது ஒருவர் அழைத்துரைப்பது போன்றது. ஓசையின் பெயரிலேயே நடிப்புக்குறிப்பு இருப்பதைக் காண்க. கலித்தொகையின் 150 பாடல்களுள் உரையாடலாக அமைந்தவை பல. துள்ளலோசையில் ஊடலும் எள்ளலும் மறுமொழியும் மாறிமாறி வருவதால், புதிதாய்ப் பயில்வார்க்கு அவை நல்ல தொடக்கம். நாவின் விரைவுக்கோ திருப்புகழின் முடுகுநடை ஒத்த பயிற்சி. வாலிகண்டபுரத்து இளைஞர்க்கு அதனைத் தேடி வேற்றூர் செல்லவேண்டிய தேவையும் இல்லை.

யார், யாரிடம், எங்கே

செய்யுளுக்கு 34 உறுப்புகளைத் தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணுகின்றார். மாத்திரை, அசை, சீர், அடி என்பவை எவரும் எதிர்பார்ப்பவை. ஆனால் அவற்றோடு கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, முன்னம் என்பவற்றையும் அவர் சேர்த்தெண்ணுகின்றார். யார் சொல்வது, யார் கேட்பது, எங்கே, எப்போது, எந்த உணர்வில், எந்தக் குறிப்பில் என்பனவும் செய்யுளின் உறுப்புகளே என்பது அவர் கொள்கை. நாடக ஆசான் ஒருவன் நடிகனைக் கேட்கும் கேள்விகள் அனைத்தும் இங்கே உள்ளன. கேட்போர் யார் என்று அறியாமல் பாடலைச் சொல்பவன், செய்யுளின் ஓர் உறுப்பையே வெட்டிவிட்டுச் சொல்கின்றான்.

இவற்றை வாலியின்பால் பொருத்திப் பார்க்கலாம். மறைந்து நின்று எய்த அம்பு மார்பில் தைக்கின்றது. வாலி அதனைப் பற்றி இழுத்து நிறுத்துகின்றான். எய்தவன் யார் என்று வியக்கின்றான். அதில் பொறித்த பெயரைக் காண்கின்றான்; நகைக்கின்றான். அந்நகை எள்ளலும் நாணமும் கலந்தது. பின்னர் எதிரே வந்த இராமனை நோக்கிச் சினந்து வழக்காடுகின்றான். விடைகளைக் கேட்டு அமைகின்றான். ஈற்றில் தம்பிக்காகவும் மகனுக்காகவும் வேண்டுகின்றான். தன்னைக் கொல்வித்த தம்பி கள்ளுண்டு பிழை செய்தால் அவன்மேல் இவ்வம்பை ஏவாதே என்று கேட்கும் அவ்விடம், கல்லையும் கரைக்கும்.

தொல்காப்பியர் கூறிய எட்டு மெய்ப்பாடுகள் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இவற்றுள் மருட்கை, நகை, இளிவரல், வெகுளி, பெருமிதம், அழுகை என ஆறேனும் ஒரே மனிதனின் ஒரே கிடையில், ஒரு நாழிகைக்குள் மாறி மாறி வருகின்றன. கால் நடக்க இயலாது. கை வீச இயலாது. நடிகனுக்கு எஞ்சியிருப்பவை கண்ணும் குரலும் மட்டுமே. கேட்போரும் மாறுகின்றனர். சிலபோது தன்னிடம், சிலபோது இராமனிடம், சிலபோது தம்பியிடம், இறுதியில் மகனிடம். ஒவ்வொரு கேட்பவர்க்கும் தொலைவு வேறு, மதிப்பு வேறு, குரலின் உயரமும் எடையும் வேறு.

இங்கேதான் பயிற்சியின் அருமை விளங்கும். சாகின்றவனின் மூச்சு அறுபட்டது. ஆனால் அதனை நடிப்பவனின் மூச்சு அறுபடலாகாது. உண்மையிலேயே மூச்சுத் திணறுபவன், திணறலை நடிக்க இயலாது. அவன் சொற்கள் அவைக்கு எட்டா. நிறைந்த மூச்சை உள்ளே தேக்கி வைத்துக்கொண்டு, அதனைச் சிறிது சிறிதாக வெளியிட்டு, குறைந்தது போல் காட்டுபவனே வாலியாக முடியும். வறுமையை நடிக்கவும் செல்வம் வேண்டும் என்பது மூச்சுக்குப் பொருந்தும்.

நான்கடியும் அளவொத்து வரும் மண்டிலப்பாவில் (விருத்தத்தில்) ஒப்பிக்கும் பிணி எளிதில் பற்றும். அதனை வெல்ல ஒரு வழி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு செயற்சொல்லைத் தேர்ந்துகொள்வது. இவ்வடியில் வாலி குத்துகின்றான், இவ்வடியில் வினவுகின்றான், இவ்வடியில் நாணச் செய்கின்றான், இவ்வடியில் தள்ளிவிடுகின்றான். செயல் மாறினால் ஓசை தானே மாறும். யாப்பு கெடாது, அதன் மேல் உணர்வு ஏறும்.

பயிற்சியின் வரலாறு

குரலுக்கும் உடலுக்கும் நெடுங்காலப் பயிற்சி வேண்டும் என்பதைத் தமிழர் என்றோ அறிந்திருந்தனர். அரங்கேற்று காதையில் மாதவி 5-ஆம் அகவையில் பயிலத் தொடங்கி, 12-ஆம் அகவையில் அரங்கேறுகின்றாள், ஏழாண்டுப் பயிற்சி. ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்போரோடு, தமிழறிந்த புலவனும் ஆசிரியர் வரிசையில் இடம் பெறுகின்றான். கூத்துப் பயில்வதற்கும் இயற்றமிழ்ப் புலவன் வேண்டும் என்று இளங்கோவடிகள் கருதியதை இன்றைய குழுக்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். அரங்கின் அளவையும் அவர் கூறினார். 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், ஒரு கோல் உயரம். அரங்கின் மேல் நாற்கோல் உயரத்தில் உத்தரப்பலகை. அளவான அரங்கு; முகமும் குரலும் அவையை எட்டும் அரங்கு.

அண்மைக் காலத்தில் சங்கரதாசு அடிகள் (1867-1922) நாடகத் தமிழுக்கு ஆசானாக விளங்கினார். இரணியன், இராவணன், எமன் போன்ற வேடங்களில் தாமே நடித்துப் பின்னர் ஆசிரியராக அமர்ந்தவர். 1918-இல் மதுரையில் சிறுவர் குழு ஒன்றை அமைத்துப் பயிற்றினார். அவ்வாண்டிலேயே அவரிடம் சேர்ந்த சிறுவருள் ஒருவரே பின்னாளில் ஔவை தி.க. சண்முகனார் எனப் புகழ்பெற்றவர் (1912-1973). வெண்பாவும் கலித்துறையும் மண்டிலமும் பள்ளிப்படிப்பு மிகுதியாக இல்லாத சிறுவர் நாவிலும் தெளிவாக ஒலித்தன என்றால், அதற்குக் கரணியம் செவிவழிப் பயிற்சியே. ஆசான் சொல்லக் கேட்டு, திருப்பிச் சொல்லி, பிழை நேர்ந்தால் மீண்டும் சொல்லி, பொருள் கேட்டறிந்து வளர்ந்த பயிற்சி அது. ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில் கிட்டப்பாவும் (1906-1933) கே.பி. சுந்தராம்பாளும் (1908-1980) திரண்ட கூட்டத்தின் கடைசி மனிதன் செவிக்கும் சொல் சிதையாமல் பாடினர்.

அப் பயிற்சியின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. சிறுவர்க்கு உறக்கம் குறைவு, கண்டிப்பு மிகுதி. அகவை வளர்ந்து குரல் உடையும் பருவத்தை நாடகக்காரர் மகரக்கட்டு என்பர். அப்பருவத்தில் குரல்வளை வளர்கின்றது, நாண்கள் நீள்கின்றன, குரல் தன் உயரத்தை இழந்து தடுமாறுகின்றது. பெண்வேடம் பூண்டு புகழ்பெற்ற சிறுவன், ஓரிரு திங்களில் வேடமிழந்து மூலையில் அமர நேர்ந்தது. உடைந்த குரலைக் கட்டாயப்படுத்திப் பாடவைத்தால் அது கெடக்கூடும். பள்ளிப் பிள்ளைகளை வைத்து நாடகம் நடத்துவோர் இதனை மறவாதிருப்பாராக. 12 முதல் 16 அகவை வரையுள்ள ஆண்பிள்ளைகளுக்கு உயர்ந்த குரலும் நீண்ட முழக்கமும் கொடுத்து வதைப்பது பயிற்சியன்று.

செய்யுளிலேயே நாடகம் யாக்கும் முயற்சியும் இக்காலத்தே எழுந்தது. சுந்தரனாரின் மனோன்மணீயம் 1891-இல் வெளிவந்தது. பரிதிமாற்கலைஞர் (1870-1903) நாடகவியல் என்னும் இலக்கண நூலையே யாத்து, மானவிசயம் என்னும் நாடகத்தைச் செய்யுளில் படைத்தார். இவை படிக்கப்படும் அளவுக்கு நடிக்கப்படவில்லை. நூல் இருந்தது, நா பழகவில்லை. ஈழத்திலோ 1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தனார் மட்டக்களப்புக் கூத்தை அண்ணாவிமாரிடமிருந்தே மாணவர்க்குப் பயிற்றுவித்து, இராவணேசன், வாலிவதை முதலியவற்றைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றினார். சிற்றூர்க் கூத்தரின் குரலும் கற்றவரின் பாட்டறிவும் ஒருங்கே சேர்ந்தபோது பழம்பாட்டு உயிர்பெற்றது. தமிழகத்திலும் 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் கூத்துப் பயின்றது. எனவே வழி தெரியாததன்று, நடந்து காட்டப்பட்டதே.

பிறர் எவ்வாறு பேணுகின்றனர்

இங்கிலாந்தில் செகப்பிரியரின் பாக்களைப் பேசுவதற்கென்றே குரலாசிரியர்களை அமர்த்துகின்றனர். அந்நாட்டு அரச செகப்பிரியர் நாடகக் குழுவில் 1969-இல் சிசிலி பெரி என்னும் அம்மையார் குரற்பயிற்சிக்குப் பொறுப்பேற்று, பல பத்தாண்டுகள் அப்பணியில் நிலைத்து, 2018-இல் மறைந்தார். நடிகர் பாவைப் பேசிக்கொண்டே நடப்பது, தள்ளுவது, நிறுத்தக்குறிதோறும் திசை மாறுவது எனச் சொல்லை உடம்போடு பிணைக்கும் பயிற்சிகளை அவர் கையாண்டார். செகப்பிரியர் மறைந்து நானூறு ஆண்டுகளே ஆகின்றன. அவர் பாக்களை அம் மக்கள் இவ்வளவு பேணுகின்றனர். அவரினும் பன்னூறாண்டு மூத்த இளங்கோவும் கம்பனும் பேச, தமிழ்நாட்டில் எத்தனை குழுக்களில் குரலாசிரியர் உள்ளனர் என்பதை அவையோர் தமக்குள் எண்ணிப் பார்ப்பாராக. அயலாரைப் பார்த்து நாணுவதற்காக இது சொல்லப்படவில்லை. அவர்தம் உழைப்பைப் பார்த்து எழுவதற்காகவே சொல்லப்படுகின்றது.

ஒலிவாங்கி இருக்கையில் இத்துணைப் பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஒலிவாங்கி ஒலியைப் பெரிதாக்கும், தெளிவாக்காது. தெளிவற்ற சொல்லைப் பெரிதாக்கினால் பெரிய தெளிவின்மையே கிட்டும். அரைகுறை மூச்சின் இரைப்பையும் அது பெருக்கிக் காட்டும். கருவி துணையாகலாம், பயிற்சிக்கு மாற்றாகாது.

நாள்தோறும் செய்யத்தக்கவை

நாளொன்றுக்கு அரை மணி போதும். ஆனால் நாள்தோறும் வேண்டும். முதலில் கழுத்து, தோள், தாடை ஆகியவற்றைத் தளர்த்துக. இறுகிய தாடையில் நெடில் பிறவாது. அடுத்து, மேற்சொன்ன மூச்சுப்பயிற்சி. மூன்றாவது, வாயை மூடி ‘ம்’ என முரலுதல்; இதழிலும் மூக்கின் அடியிலும் அதிர்வு தோன்றும்வரை மென்மையாக முரலவேண்டும். நான்காவது, பன்னிரண்டு உயிரும் ஒரே மூச்சில், ஒரே உயரத்தில், குறில் நெடில் அளவு பிறழாமல். ஐந்தாவது, வல்லினம், மெல்லினம், இடையினம் எனும் வரிசைகளை உயிரோடு கூட்டி முதலில் மெதுவாகவும் பின் விரைவாகவும். ஆறாவது, ல-ள-ழ, ர-ற, ந-ன-ண வேறுபாடுடைய சொற்கள். இவ்வளவும் முடிந்தபின்னரே செய்யுள்.

செய்யுளையும் நான்கு முறை சொல்க. முதன்முறை சொல் பிரித்து உரைநடையாக. இரண்டாம் முறை யாப்போசை முழுதும் விளங்க. மூன்றாம் முறை ஓசையும் பொருளும் இயைய, எதிரே ஒருவரை நிறுத்தி அவரிடம். நான்காம் முறை திறந்த வெளியில், முப்பது அடி தள்ளி நிற்கும் ஒருவர் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லுமாறு. அவர் எச்சொல்லைத் திருப்பிச் சொல்லத் தவறுகின்றாரோ, அச்சொல்லில் நடிகன் தவறியிருக்கின்றான்.

குரல் கம்மிய நாளில் ஓய்வே மருந்து. கம்மிய குரலில் முணுமுணுத்துப் பேசுவதும் நாண்களுக்குத் தீங்கே, பேசாதிருத்தலே நன்று. நிரம்ப நீர் பருகுக. புகையும் கள்ளும் குரலின் பகை. மூன்று கிழமைக்கு மேலும் கம்மல் தீராவிடின், கைம்மருந்தோடு நில்லாமல் தொண்டை மருத்துவரிடம் காட்டுக. இடைவிடாது கத்துவோர் குரல்நாண்களில் கையின் காய்ப்புப் போன்ற சிறு தடிப்புகள் தோன்றும்; தொடக்கத்திலேயே கண்டால் ஓய்வாலும் பயிற்சியாலுமே பெரும்பாலும் தீரும். நடிகனின் கருவி கடையில் விற்பதன்று. ஒடிந்தால் வேறு வாங்க இயலாது.

அவையீர்! மொழி வாழ்வது அகரமுதலியில் அன்று, நாவில். ஏட்டில் உள்ள ழகரம் எவர்க்கும் கேட்பதில்லை. ஒருவன் ஒலித்தால்தான் அடுத்தவன் அறிவான். பெரியவன் ஒலித்தால்தான் குழந்தை கற்கும். ஒரு தலைமுறை ஒலிக்கத் தவறினால், அடுத்த தலைமுறைக்கு அவ்வொலி எழுத்துவடிவமாக மட்டுமே எஞ்சும். மேடையில் நிற்கும் நடிகன் ஒரே பொழுதில் ஆயிரம் செவிகளுக்கு ஆசிரியனாகின்றான். அவன் நாவில் தவறு நேர்ந்தால் ஆயிரம் செவிகள் தவறு கற்கும். அவன் நாவில் தெளிவு இருந்தால் ஆயிரம் செவிகள் தெளியும். இப்பொறுப்பை உணர்ந்து பயில்வோரே செய்யுள் நாடகத்திற்கு உரியவர்.

வாலியின் பெயர் சுமக்கும் இம் மண்ணில், வாலியின் பேச்சுச் சொல் சிதையாமல், பொருள் மறையாமல், மூச்சுக் குறையாமல் ஒலிக்கும் நாள் வருக! அதற்குரிய நாக்கள் இந்நாளே பயிலத் தொடங்குக!